பழைய இன்ஜினைச் சொந்தக் காரிலேயே ஏற்றி வருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையில் பழைய வண்டி உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில் இன்ஜின் பார்த்து விலையும் பேசியாகிவிட்டது. வீடு செங்கல்பட்டிலோ விழுப்புரத்திலோ இருக்கிறது. குட்டியானை என்னும் சின்ன லோடு வண்டிக்காரர் வெறும் வண்டியாகத் திரும்பி வர வேண்டும் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாடகை கேட்கிறார். அப்போதுதான் 'நம்ம காரிலேயே போட்டுக்கொண்டு போய்விடலாமே' என்று தோன்றும். போகலாம். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் இன்ஜின்கள் டிக்கி வழியாக உள்ளே போகும், பத்திரமாக ஊர் வந்தும் சேரும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் சாலையில் எப்படி ஓட்டுவது என்றே கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை இன்ஜின் அடிபடுவது ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். அடுத்தபடியாக, தரையில் 'சும்மா ஒரு நிமிஷம்' வைக்கும்போது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முக்கால்வாசி வேலை, இன்ஜினைத் தூக்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

1. எடையைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்

மாருதி 800, ஆல்டோவின் 796 சிசி இன்ஜினும், கே10 என்று சொல்லும் 998 சிசி இன்ஜினும் மூன்று சிலிண்டர்கள்தான். வெளி உதிரிகளைக் கழற்றிவிட்டால் 100 கிலோவுக்குள் அடங்கும். இவைதான் காரில் எடுத்துவர ஏற்றவை. ஸ்விஃப்ட் பெட்ரோல் 1197 சிசி அதைவிடக் கொஞ்சம் பெரிது, அதுவும் சரி.

ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா போன்றவற்றில் வரும் 1248 சிசி டீசல் இன்ஜின் வேறு ரகம். இரும்பு பிளாக், தனியாகவே 130 கிலோ பக்கம் வரும். டர்போ, கம்ப்ரஸர் எல்லாம் அப்படியே இருந்தால் இன்னும் கூடும். காரில் கொண்டுவர முடியும், ஆனால் கையால் தூக்கும் வேலை இல்லை. ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்து எடை தூக்கும் கருவி) இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா இன்ஜின் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு குட்டியானையைக் கூப்பிடுங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் 800 இன்ஜினைக் கட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு வழிகாட்டி எழுத என்னால் ஆகாது.

கார் இந்த எடையைத் தாங்குமா என்று கேட்பார்கள். ஐந்து பேர் உட்கார்ந்து போகும் வண்டி 350 கிலோ மனித எடையைத் தினமும் சுமக்கிறது. ஓட்டுநர், கூட ஒருவர், 100 கிலோ இன்ஜின் எல்லாம் சேர்ந்து 240 கிலோதான். மொத்த எடை பிரச்சினையே இல்லை. அந்த 100 கிலோ முழுவதும் ஒரே இடத்தில், கையகலப் பரப்பில் உட்காருகிறது என்பதுதான் பிரச்சினை. கீழே வரும் பலகை, டயர் எல்லாம் அதற்காகத்தான்.

2. வீட்டிலேயே டிக்கியை அளந்துவிடுங்கள்

டேப்பை எடுத்து மூன்று அளவு எடுங்கள். டிக்கி வாயின் அகலம், உயரம், தரையிலிருந்து டிக்கி விளிம்பு வரை உள்ள உயரம். கடைக்காரரிடம் போனில் இன்ஜினின் உயரத்தையும் நீளத்தையும் கேளுங்கள். வாய் உயரத்தை அளக்கும்போது இன்ஜினோடு சேர்ந்து பலகையும் டயரும் உள்ளே போகும் என்பதை மறக்காதீர்கள். ஒரு டயரே 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தும். இடிக்கும்போலிருந்தால் இன்ஜினின் மேலே இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டை (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) கழற்றினால் போதும்.

மூன்றாவது அளவைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விளிம்பின் உயரம் தெரிந்தால்தான் அதே உயரத்துக்கு மேசையோ பெஞ்சோ தேட முடியும்.

எந்த வண்டி நல்லது? அக்கம்பக்கத்தில் ஆம்னியோ ஈக்கோவோ வைத்திருப்பவர் இருந்தால் பெட்ரோல் போட்டுக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். பின் சீட்டை எடுத்துவிட்டால் தட்டையான தரை, அகலமான பின்கதவு, போதாததற்குப் பக்கக் கதவும் உண்டு. அடுத்தது வேகன் ஆர். உயரமான டிக்கி வாய், பின் சீட்டை மடக்கினால் நீளமான இடம். ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் விளிம்பு உயரமாகவும் உள்தரை பள்ளமாகவும் இருப்பதால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். டிசையர் போன்ற டிக்கி பிரிந்த வண்டியை நான் சொல்லவே மாட்டேன். வாய் குறுகல், எடை பின் அச்சுக்கும் பின்னால் போய் உட்காரும், கட்டுவதற்கும் சரியான இடம் கிடைக்காது.

3. கிளம்பும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

முதலில் ஒரு பழைய டயர், ரிம் இல்லாமல். 13 அல்லது 14 அங்குலம். பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். கம்பி வெளியே நீட்டாததாகப் பார்த்து எடுங்கள், கையைக் கிழித்துவிடும்.

18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்று, மடக்கிய சீட்டின் மேல் விரிக்கும் அளவுக்கு. அதைவிட மெல்லியது வளையும். இன்னொரு குறுகிய, தடித்த பலகை, டிக்கி விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே பாலமாகப் போட.

நான்கு ராட்செட் பெல்ட், அதாவது பிடியை அசைத்து இறுக்கிக் கட்டும் பட்டை. எவ்வளவு எடை தாங்கும் என்று அதன் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். லேபிள் இல்லாத பெல்ட்டை வாங்காதீர்கள். கயிறு போதாதா என்றால், நைலான் கயிறு இழுபடும், இன்ஜினின் வார்ப்பு விளிம்பில் உரசினால் அறுந்தும்போகும்.

அப்புறம் தார்ப்பாய், கோணி இரண்டு, மரத்தூள் ஒரு பை, துடைக்கப் பனியன் வேஸ்ட் (பனியன் துணிக் கழிவு), கெட்டியான பிளாஸ்டிக் ஷீட், அகலமான டேப், ரப்பர் பிடி வைத்த கையுறை, நாலைந்து மரக்கட்டை, சக்கரம் உருளாமல் வைக்கும் அடை, போல்ட் போட்டுவைக்கச் சின்னப் பைகள், அதில் எழுத மார்க்கர். மரத்தூளைக் கேலி செய்யாதீர்கள். ஆயிலை எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது முதல் வேகத்தடையில் வெளியே வரும்.

ஊரில் இருக்கும் மெக்கானிக்குக்கும் இப்போதே போன் போட்டுவிடுங்கள். செயின் பிளாக் காலியாக இருக்குமா, எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்று கேளுங்கள். இறக்க ஆள் இல்லாமல் ராத்திரி முழுக்க இன்ஜினோடு நிற்கும் கார்கள் எல்லாம் இந்த ஒரு போனைப் போடாததால் வந்தவை.

4. ஏற்றும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

இன்ஜின் வாங்குவது தனிக் கதை. ஏற்றுவதற்கு முன் செய்தே ஆக வேண்டியதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஏற்றியபிறகு திருப்பிக் கொண்டுவருவது இரட்டைச் செலவு.

கிராங்க் புல்லி (இன்ஜினின் ஓரத்தில் பெல்ட் ஓடும் சக்கரம்) போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது 'டக்'கென்று நின்றால் அதற்கு மேல் அழுத்தாதீர்கள், அந்த இன்ஜின் வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். காபி நிறத்தில் பாலாடை போலப் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

பிளாக்கில் பொறித்த இன்ஜின் நம்பரைத் துடைத்துப் படம் எடுங்கள். அதே நம்பர் பில்லில் எழுதியிருக்க வேண்டும். தேய்த்த தடமோ மறுபடி பொறித்த தடமோ தெரிந்தால் எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். இன்ஜினை எந்த வண்டியிலிருந்து கழற்றினார்கள் என்பதற்கான காகிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். வழியில் போலீஸ் டிக்கியைத் திறக்கச் சொன்னால், காருக்குள் இன்னொரு இன்ஜின் ஏன் இருக்கிறது என்று விளக்க அந்தக் காகிதங்கள்தான் உதவும். அவற்றை இன்ஜினோடு வைக்காமல் முன்பக்க டாஷ்போர்டில் வையுங்கள்.

5. எதைக் கழற்றுவது, எதை விடுவது

கியர் பாக்ஸ் சேர்ந்தே வந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். அதுவே முப்பது கிலோ பக்கம் வரும். அதைவிட, ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதால் இன்ஜினை நேராக நிற்க விடாது. பிரிக்கும்போது கியர் பாக்ஸின் எடை கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கக் கூடாது. ஒருவர் அடியில் தாங்கிப் பிடித்து நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கிளட்ச் பிளேட் வளையும், வண்டியில் மாட்டிய பிறகுதான் அது தெரியவரும்.

அடுத்து ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், செல்ஃப் மோட்டார், சைலன்சர் மேனிஃபோல்டு. எடை குறைவது ஒரு காரணம். இவையெல்லாம் இன்ஜினின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பவை, டிக்கி ஓரத்தில் முதலில் இடிப்பதும் இவைதான் என்பது இன்னொரு காரணம். டீசல் என்றால் டர்போவைக் கழற்றுவது நல்லது, ஆனால் அதன் ஆயில் குழாய் வாயை உடனே மூடிவிட வேண்டும்.

மவுண்டிங் பிராக்கெட்டுகளை விட்டுவையுங்கள், கட்டுவதற்கு அவைதான் பிடிமானம். இன்ஜினின் மேல் இருக்கும் தூக்கும் கொக்கிகளையும் கழற்றாதீர்கள். ஒவ்வொரு உதிரியின் போல்ட்டையும் தனிப் பையில் போட்டு எழுதிவையுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்பார்கள். ஒரே டப்பாவில் நாற்பது போல்ட்டைப் பார்த்தபிறகு யாருக்கும் இருப்பதில்லை.

6. வடித்தல்: ஆயில், தண்ணீர், பெட்ரோல்

ஆயில் பிளக்கைத் திறந்து, சொட்டு நிற்கும்வரை விடுங்கள். ஆயில் ஃபில்டரையும் கழற்றுங்கள், அதற்குள்ளும் கொஞ்சம் நிற்கும். பிறகு ஃபில்டரை மறுபடி மாட்டிவிடுங்கள், அந்த வாய் திறந்திருக்கக் கூடாது. வடித்த ஆயிலைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள், அவர்கள் சேர்த்துவைத்து விற்பார்கள். சாக்கடைக்கு வேண்டாம், பக்கத்திலேயே கூவம்.

பிளாக்குக்குள் நிற்கும் கூலன்ட்டை எல்லோரும் மறக்கிறார்கள். ரேடியேட்டர் ஹோஸ் ஏற்கெனவே இல்லாததால் காலியாக இருக்கும் என்று நினைப்பு. இன்ஜினைச் செயினில் தொங்கவிட்டு மெதுவாக இரண்டு பக்கமும் சாய்த்தால் ஒரு லிட்டர்கூட வெளியே வரும்.

பெட்ரோல்தான் ஆபத்து. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃப்யூயல் ரெயிலிலும் அதன் குழாயிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். மூடிய காருக்குள் அந்த ஆவி சேர்ந்தால் தலைவலி மட்டும் இல்லை, தீயும் பற்றும். வெட்டவெளியில் குழாயைத் திறந்து முழுவதும் வடித்து, கால் மணி நேரம் காற்றாட விட்டு, பிறகு மூடியிடுங்கள். அந்தக் கால் மணி நேரம் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. துளைகளை மூடுதல்

இன்டேக், எக்ஸாஸ்ட், தெர்மோஸ்டாட், டர்போ, இன்ஜெக்டர் குழாய்கள் என எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட் வைத்து டேப் சுற்றி மூடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை அதனதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள், அவையே நல்ல மூடி.

பனியன் வேஸ்ட்டை உள்ளே திணிக்காதீர்கள். புதியவர்கள் தவறாமல் செய்வது இது. ஒரு சின்னத் துண்டு இன்டேக்குக்குள் நழுவிப்போனால் கண்ணுக்குத் தெரியாது, ஸ்டார்ட் செய்யும் நாளில் வால்வில் போய் மாட்டும். மூடி வெளியிலிருந்து தெரிய வேண்டும், எடுத்தால் முழுசாக வர வேண்டும்.

டீசலில் இன்னும் கறாராக இருங்கள். இன்ஜெக்டர் குழாயில் போகும் மண்துகள் இன்ஜெக்டரையே காலி செய்துவிடும்.

8. படுக்கை: பலகை, டயர், அதன்மேல் இன்ஜின்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இன்ஜினின் அடியில் இருப்பது ஆயில் சம்ப், சேம்பர் என்றும் சொல்வார்கள். சிலவற்றில் மெல்லிய தகடு, சிலவற்றில் அலுமினிய வார்ப்பு. அதற்குள் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர், அடித்தட்டிலிருந்து சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கிறது. இன்ஜினை நேராகத் தரையில் வைத்தால் முழு எடையும் சம்ப்பில் இறங்கும். தகடு என்றால் உள்ளே நசுங்கி ஸ்ட்ரெய்னரின் வாயை அடைக்கும். வார்ப்பு என்றால் கீறல் விடும். கீறலாவது சொட்டிக் காட்டிக்கொடுக்கும். நசுங்கல் வெளியே பார்க்க ஒரு சின்னப் பள்ளம்தான். இன்ஜினை மாட்டி ஓட்டும்போது ஆயில் சரியாக ஏறாமல் பேரிங் பிடித்துக்கொள்ளும். 'பழைய இன்ஜின், ஏமாற்றிவிட்டான்' என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

டயர் இதற்குத்தான். டயரைப் படுக்க வைத்தால் நடுவில் ஓட்டை. சம்ப் அந்த ஓட்டைக்குள் தொங்கும், பிளாக்கின் கீழ்விளிம்பு டயரின் பக்கச்சுவர் மேல் உட்காரும். இன்ஜினை மெதுவாக டயரில் இறக்கி, குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சம்ப்புக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரலாவது நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இன்னொரு டயர், அல்லது பிளாக் விளிம்புக்குக் கீழே இரு பக்கமும் மரக்கட்டை. ஆயில் ஃபில்டரும் கிராங்க் சென்சாரும் டயரில் அழுந்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அழுந்தினால் டயரைக் கொஞ்சம் திருப்பினாலே வழி கிடைக்கும்.

படுக்கப்போட்டுக் கொண்டுபோனால் உயரப் பிரச்சினையே இல்லையே என்று சொல்லும் ஆட்கள் கடையிலேயே இருப்பார்கள். கேட்காதீர்கள். டைமிங் கவர், சென்சார்கள், புல்லி என்று எந்தப் பக்கம் படுத்தாலும் ஏதோ ஒன்று அடிபடும். இன்ஜின் வண்டியில் எப்படி நின்றதோ அப்படியே காருக்குள்ளும் நிற்கட்டும்.

கார் உள்ளே வரிசை இது: பின் சீட்டை மடக்குங்கள், உட்காரும் மெத்தை தனியாக வந்தால் கழற்றிவிடுங்கள். மேலே தார்ப்பாய், ஓரங்களைச் சுருட்டித் தொட்டி மாதிரி ஆக்குங்கள். அதன்மேல் பிளைவுட். பிளைவுட்டுக்கும் சீட் முதுகுக்கும் நடுவே பள்ளம் இருந்தால் கோணியை மடித்து அடையுங்கள், பலகை எங்கேயும் ஆடக் கூடாது. டயரின் ஓட்டைக்குள் மரத்தூள்.

9. ஏற்றுதல்

செயின் பிளாக் இருக்கிறதே, டிக்கிக்குள் நேராக இறக்கிவிடலாம் என்று நினைத்து வருவார்கள். முடியாது. திறந்த டிக்கிக் கதவும் கூரையும் செயினுக்குக் குறுக்கே நிற்கும். செயின் பிளாக் இன்ஜினை விளிம்பு உயரத்துக்குத் தூக்கித் தரும், அவ்வளவுதான். உள்ளே போவது தள்ளித்தான்.

செயினைத் தூக்கும் கொக்கிகளில் மாட்டுங்கள், குறுக்கு மூலையாக இரண்டு இடம். கொக்கி இல்லாவிட்டால் பிளாக்கிலோ ஹெட்டிலோ உள்ள கனமான போல்ட் துளையில் போல்ட் முறுக்குங்கள். போல்ட்டின் தடிமனைப்போல ஒன்றரை மடங்கு ஆழமாவது மரை உள்ளே போயிருக்க வேண்டும். பிளாஸ்டிக் இன்டேக், ஃப்யூயல் ரெயில், வால்வ் கவர் இவற்றைச் சுற்றிச் செயின் போடவே கூடாது. முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சாய்ந்தால் இறக்கி மாட்டும் இடத்தை மாற்றுங்கள். தொங்கும் இன்ஜினின் அடியில் காலோ கையோ போகக் கூடாது, ஒரு போல்ட்டை எடுப்பதற்குக்கூட.

காரை ரிவர்ஸில் கொண்டுவந்து ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடை வையுங்கள். டிக்கி விளிம்பு உயரத்துக்கு மேசையோ பெஞ்சோ வைத்து, அதன்மேல் டயர், டயர்மேல் இன்ஜின். மேசைக்கும் உள்ளே இருக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே பாலப் பலகை. பலகை பம்பரில் படாமல், விளிம்பின் மேல் மடித்த கோணியில் உட்காரட்டும். பிறகு டயரோடு சேர்த்துத் தள்ளுங்கள். இரண்டு பேர் பின்னாலிருந்து டயரைத் தள்ள, ஒருவர் உள்ளிருந்து இழுக்க, இன்னொருவர் இன்ஜின் தலையைச் சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பலகையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் ரப்பர் சுலபமாக வழுக்கும், பிறகு துடைத்துவிடுங்கள்.

பாதி உள்ளே போனதும் காரின் பின்பக்கம் அமுங்கும். விளிம்பு இறங்க, பலகை சாயும், இன்ஜின் திடீரென்று உள்ளே ஓடப் பார்க்கும். இதை எதிர்பார்த்தே நில்லுங்கள். பாலப் பலகையை மேசையோடு ஆணியடித்து வைக்காதீர்கள், அது விளிம்போடு சேர்ந்து இறங்க வேண்டும்.

ஏற்றுகூலியை முன்பே பேசிவிடுங்கள். செயினில் தொங்கும் நேரத்தில் பேரம் பேசினால் தோற்பது நீங்கள்தான்.

10. எங்கே நிறுத்துவது, எப்படிக் கட்டுவது

டிக்கி வாயருகே விட்டுவிடத் தோன்றும், இறக்க சுலபம் என்று. வேண்டாம். எடை பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும், ஹெட்லைட் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். பின் அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாலோ கொண்டுவாருங்கள். ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் இன்ஜின் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் போகட்டும். அப்படி வைத்தால் இடப்பக்க முன் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. கூட வந்தவர் பஸ்ஸில் வரட்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால் 100 கிலோ இன்ஜின் சுமார் 2 டன் எடையின் விசையோடு முன்னால் வரும். சீட் முதுகு அதைத் தடுக்காது. பெல்ட்கூட அந்த அளவு மோதலில் எவ்வளவு தாங்கும் என்பது அதைக் கட்டிய இடத்தைப் பொறுத்தது.

கட்டும் இடம் காரின் உடலோடு போல்ட் போட்ட இரும்பாக இருக்க வேண்டும்: பின் சீட் பெல்ட்டின் கீழ்ப் போல்ட், சீட் கீல்கள், குழந்தை இருக்கைக்கான கம்பி வளையங்கள். டிக்கியில் பை மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி, தலைசாய்ப்புக் கம்பி, கூரையில் உள்ள கைப்பிடி இவையெல்லாம் கணக்கில் சேராது. பின்னோக்கி இழுத்து இரண்டு பெல்ட், முன்னோக்கி இரண்டு, மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி போல. பின்னோக்கி இழுக்கும் இரண்டும்தான் பிரேக் பிடிக்கும்போது உங்களைக் காப்பவை, நல்ல பெல்ட்டை அங்கே போடுங்கள். இன்ஜின் பக்கத்தில் மவுண்டிங் பிராக்கெட்டில் மாட்டுங்கள், வால்வ் கவர் மேல் குறுக்கே போட்டு இறுக்க வேண்டாம். உரசும் இடத்தில் கோணித் துண்டு வையுங்கள். டயர் லேசாக அமுங்கும்வரை இறுக்கினால் போதும்.

கழற்றிய உதிரிகளையும் சும்மா போடாதீர்கள். எட்டு கிலோ கம்ப்ரஸர் உருண்டு வந்தாலும் காயம்தான். முன் சீட்டுக்குக் கீழே, பின் பக்கமாக, கோணியில் சுற்றி நெருக்கி வையுங்கள்.

11. ஓட்டுதல்

கிளம்பும் முன் பின் டயர்களில் காற்று. முழு லோடுக்கு எவ்வளவு என்று ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும், அந்த அளவு வையுங்கள்.

புதுப்பேட்டை ஆதித்தனார் சாலையிலிருந்து வெளியே வந்து கிண்டி தாண்டியதும் ஓரம் நிறுத்தி பெல்ட்டுகளைப் பாருங்கள். நகரத்து நெரிசலில் பத்து தடவை பிரேக் பிடித்திருப்பீர்கள், டயர் உட்கார்ந்திருக்கும், பெல்ட் நிச்சயம் தளர்ந்திருக்கும். இரண்டு கிளிக் இறுக்கிவிட்டு ஜிஎஸ்டி சாலையைப் பிடியுங்கள். கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கியே வையுங்கள், ஏசி போட்டு மூட வேண்டாம். பெட்ரோல் வாடை கூடினால் நிறுத்திப் பாருங்கள்.

முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி. பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வரிசையைப் பார்த்தபிறகு பிரேக் அழுத்தும் பழக்கம் இன்றைக்கு வேண்டாம். ஊருக்குள் வந்ததும் வேகத்தடைகளில் நேராக, ஊர்ந்து ஏறி இறங்குங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் ஓரமாக ஏற்றித் தப்பிப்பது நம் எல்லோருக்கும் கைவந்த கலை. ஆனால் உயரமான எடை உள்ளே இருக்கும்போது வண்டி பக்கவாட்டில் ஆடும், பெல்ட் அந்த ஆட்டத்தில்தான் தளரும்.

12. இறக்குதல்

நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போங்கள். வீட்டு வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் கட்டும் யோசனை வேண்டாம்.

பெல்ட்டைக் கழற்றும் முன் காருக்கு அடை. பிறகு டயரோடு இன்ஜினைப் பாலப் பலகை வழியாக வெளியே கொண்டுவந்து மேசையில் நிறுத்துங்கள். மேசை இல்லாத ஷெட்டில், இரண்டு பேர் பலகையின் வெளிமுனையைத் தாங்கிக்கொள்ள, இன்ஜின் விளிம்பைத் தாண்டி டிக்கிக் கதவுக்கு வெளியே வந்ததும் செயினை மாட்டி எடையை எடுங்கள். எடை முழுவதும் செயினுக்கு வந்தபிறகு காரை முன்னால் நகர்த்துங்கள். தொங்கும் இன்ஜினைக் கையால் பின்னால் இழுத்தால் ஊஞ்சலாடித் திரும்பிவந்து பம்பரில் மோதும்.

இங்கே ஒரு பொறி உண்டு. எடை போனதும் காரின் பின்பக்கம் மேலே எழும்பும். செயினை ஒரு சாண் கூடுதலாக ஏற்றாமல் விட்டால் எழும்பும் விளிம்பு நேராகச் சம்ப்பைத் தட்டும். அவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்து கடைசி அடியில் சம்ப்பை உடைக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் உடைக்கிறார்கள்.

உடனே மாட்டப்போவதில்லை என்றால் அதே டயரில் நிறுத்தி, ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றி, பிளக்கை மாட்டித் தார்ப்பாயால் மூடுங்கள். சிலிண்டர் சுவர் துருப்பிடிக்காமல் இருக்கும்.

13. காகித வேலையும் பழைய இன்ஜினும்

ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. அது மாறுவதால் ஆர்டிஓவில் பதிய வேண்டும். முன்பே அனுமதி வாங்கிவிட்டு மாற்றுவது நல்லது. அப்படி வாங்காமல் மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவின்படி 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நம்பர் எழுதிய பில்லை ஏன் விடாமல் கேட்கச் சொன்னேன் என்பது அந்தக் கவுன்டரில் நிற்கும்போது புரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள்.

பழைய இன்ஜினை எக்ஸ்சேஞ்சில் தருவதாகக் கடையில் பேசியிருந்தால், இதே டயர், இதே பலகை, இதே வரிசை. இது ஓடாத இன்ஜின்தானே என்று ஆயில் வடிக்காமல் ஏற்றாதீர்கள், கார் உள்ளே நாறுவதற்கு இன்ஜின் ஓட வேண்டியதில்லை. எந்தெந்த உதிரியோடு எடுத்துக்கொள்வார்கள் என்று போனிலேயே கேட்டுவிட்டால், ஆல்டர்னேட்டரை வீணாகச் சுமந்துபோய்ச் சும்மா கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்காது. கொடுக்கும் முன் அதன் நம்பரையும் படம் எடுத்து, கொடுத்ததற்கு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.